மேசையில் யாருக்கு நாற்காலி?

இன்றைக்கு ரெண்டு வார்த்தைகளின் கதை. ‘ஸ்டாக்ஹோல்டர்’ என்றால் கம்பெனியில் பங்கு வாங்கியவர். ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்றால் அந்தக் கம்பெனி எடுக்கும் முடிவால் பாதிக்கப்படுகிற எல்லாரும்: தொழிலாளி, வாடிக்கையாளர், சரக்கு கொடுப்பவர், ஊர்க்காரர். தமிழில் பல நேரம் இரண்டையுமே ‘பங்குதாரர்’ என்று எழுதிவிடுகிறோம். சண்டையே இந்த ரெண்டுக்கும் நடுவுலதான், பாருங்க.

1916-ல் ஹென்றி ஃபோர்டு சிறப்பு ஈவுத்தொகையை நிறுத்தினார். கார் விலையை 440 டாலரிலிருந்து 360-க்குக் குறைக்கிறேன், தொழிற்சாலையைப் பெரிசாக்கி நிறைய பேருக்கு வேலை கொடுக்கிறேன் என்றார். பத்து சதவீதப் பங்கு வைத்திருந்த டாட்ஜ் சகோதரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஃபோர்டைத் தியாகி ஆக்கிட வேண்டாம். டாட்ஜ் சகோதரர்கள் சொந்தமாகக் கார் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஈவுத்தொகை போட்டிக்காரர் கைக்குத்தான் போகும். 1919-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், கம்பெனி முதன்மையாகப் பங்குக்காரர்களின் லாபத்துக்காகத்தான் என்று சொல்லி, 1.9 கோடி டாலருக்கு மேல் பிரித்துக் கொடுக்க உத்தரவிட்டது.

1970-ல் மில்டன் ஃப்ரீட்மன் இதையே கொள்கையாக்கினார். பொறுப்பு என்பது மனிதருக்குத்தான், கம்பெனிக்குக் கிடையாது. அடுத்தவர் பணத்தில் மேனேஜர் நல்லது செய்வது, ஓட்டு வாங்காதவர் வரி போடுவது மாதிரி. இந்த வாதத்தை லேசில் தள்ளிவிட முடியாது.

பதில் சொன்னவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் ஃப்ரீமன். தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு வார்ட்டன் மேலாண்மைப் பள்ளிக்கு வந்தவர். ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்ற வார்த்தை அவர் உண்டாக்கியது இல்லை. 1963-லேயே ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் குறிப்பில் இருக்கு. 1984-ல் அவர் எழுதிய புத்தகம்தான் அதை மேலாண்மை ஆராய்ச்சியின் நடுவில் கொண்டுவந்து வைத்தது. ஆனால் அது பெரும்பாலும் வியூகம் பற்றிய புத்தகம். தத்துவம் முழுசாக உள்ளே வந்தது, சமூகவியலாளர் வில்லியம் இவனோடு சேர்ந்து அவர் பிறகு எழுதிய கட்டுரையில்தான்.

அங்கே பிடிமானம் காண்ட். எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தக்கூடாது என்பார் காண்ட். அப்படின்னா, ஆலையை மூடும்போது அங்கே வேலை பார்க்கிறவர் வெறும் செலவுக் கணக்கு இல்லை; அந்த முடிவில் அவருக்கும் குரல் வேணும். அதனால் இயக்குநர் குழுவில் தொழிலாளி, வாடிக்கையாளர், சரக்கு கொடுப்பவர், பங்குக்காரர், ஊர்மக்கள் என ஐந்து தரப்புக்கும் இடம் கேட்டார்கள். கூடவே கம்பெனி என்ற அமைப்பின் நலனுக்காக ஒருவர். அவருக்கு வைத்த பெயர் ‘மெட்டாஃபிசிக்கல் டைரக்டர்’! சிரிப்பு வருதுதான். ஆனால் ஒரு தத்துவக் கொள்கையை நாற்காலிக் கணக்கு வரைக்கும் கொண்டுபோன துணிச்சல் எனக்குப் பிடிச்சிருக்கு.

எல்லாருக்கும் பதில் சொல்லணும் என்றால், மேனேஜர் கடைசியில் யாருக்குமே பதில் சொல்ல மாட்டார் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

2019-ல் 181 அமெரிக்கத் தலைமை அதிகாரிகள் ‘எல்லா ஸ்டேக்ஹோல்டர்களுக்கும்’ பொறுப்பு என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். அதில் யாருக்கும் நாற்காலி இல்லை. ஜெர்மனியில் 1976 சட்டப்படி, 2000-க்கு மேல் ஊழியர்கள் உள்ள கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் தரப்புக்கு. ஓட்டு சமமாக விழுந்தால் தலைவருக்கு ரெண்டாவது ஓட்டு உண்டு. தலைவர் வழக்கமாகப் பங்குக்காரர் தரப்பு ஆள்.