கைப்பைக் கொக்கி

பெரோடுவா அக்சியாவில் முன் பயணி இருக்கையின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. சீட் கவர் போட்டால் கண்ணில் படாது. எங்கள் வீட்டில் காடி வாங்கி இரண்டு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே சுத்தம் செய்தபோதுதான் நான் அதைக் கவனித்தேன். பொறியியல் படித்தவன் என்று பெயர். இரண்டு வருடம் ஓட்டியும் தெரியவில்லை.

நிறுவனத்தின் விளம்பரத் தாளில் அதற்குப் பெயர் ‘ஆன்டி-ஸ்னாட்ச் ஹூக்’. வழிப்பறித் தடுப்புக் கொக்கி. மற்ற வசதிகளின் வரிசையில் அதுவும் ஒன்றாக இருக்கும். ஏன், எதற்கு என்ற விளக்கமெல்லாம் கிடையாது. மலேசியாவில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது.

மலிவு விலைக் காடிகளில் பிறந்த சின்ன வசதிகள் பல உண்டு. எரிபொருள் முள்ளுக்குப் பக்கத்தில், பம்ப் படத்தோடு ஒரு குட்டி அம்பு இருக்குமே, அது டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று காட்டும். ஃபோர்டு நிறுவனத்தில் வேலை செய்த ஜிம் மொய்லன் 1986இல் ஒரு மழை நாளில், அலுவலகக் காடியைத் தவறான பக்கம் நிறுத்தி நனைந்துபோனார். திரும்பி வந்ததும் இந்த யோசனையை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1989இல் ஃபோர்டு எஸ்கார்ட் என்ற சிக்கனக் காடியில் அந்த அம்பு வந்தது. இன்று ஏறக்குறைய எல்லாக் காடிகளிலும் இருக்கிறது. மழை எல்லா ஊரிலும் பெய்யும். அம்பு எல்லா ஊருக்கும் போய்விட்டது.

கொக்கியின் கதை வேறு. அதற்கு ஒரு நாடு உண்டு, ஒரு காலம் உண்டு.

நம் தேசியக் கார் வரலாற்றைப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். மகாதீர், கனரகத் தொழில் கனவு, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரை அடிப்படையாகக் கொண்டு 1985இல் வந்த புரோட்டோன் சாகா. பிறகு 1993இல் நிறுவப்பட்ட பெரோடுவா, டைஹாட்சு மீராவை அடிப்படையாக வைத்து 1994இல் கொண்டுவந்த காஞ்சில். மூன்று சிலிண்டர், 660 சிசி. காஞ்சில் என்றால் சருகுமான். நாட்டுப்புறக் கதைகளில் முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, எண்ணுவதுபோல் பாவனை செய்து, அவற்றின் முதுகிலேயே ஆற்றைக் கடந்துவிடும் சின்னப் பிராணி. பலம் கிடையாது, சாமர்த்தியம் மட்டும். நல்ல பெயர்தான் வைத்தார்கள். என் அம்மா ஓட்டிய முதல் காடி அது.

இந்த வரலாற்றில் இன்ஜின் இருக்கிறது, அமைச்சர்கள் இருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து ஓட்டியவர்கள் அதிகம் இல்லை. அவர்களைத் தேடினால் கொக்கி மாதிரி சாமான்களில்தான் கிடைப்பார்கள்.

2000களில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருவார்கள். பின்னால் இருப்பவன் கை நீட்டுவான். கைப்பையைப் பறிக்கும்போது விழுந்து பெண்கள் இறந்தார்கள். 2004இல் அப்படி ஒரு மரணம் நாட்டையே உலுக்கியது. காடிக்குள் இருந்தாலும் நிம்மதி இல்லை. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் கைப்பை அங்கேதான் போகும். சிவப்பு விளக்கில் வரிசைகளுக்கு நடுவே புகுந்து வரும் மோட்டாருக்கு, இடது கண்ணாடி வழியே அந்தப் பை தெரியும். கண்ணாடியை உடைத்து எடுக்கச் சில நொடி போதும்.

2010இல் அரசு தன் உருமாற்றத் திட்டத்தில் தெருக் குற்றத்தைத் தனி இலக்காகச் சேர்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 20 விழுக்காடு குறைப்போம் என்றார்கள். நகரங்களில் நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே கம்பித் தடுப்புகள் வந்தன. நடக்கிறவர்களுக்குத் தடுப்பு. 2014இல் வெளிவந்து, அடிப்படை ரகத்தை 25 ஆயிரம் ரிங்கிட்டுக்குக் கீழேயே விற்ற அக்சியாவில், ஓட்டுகிறவர்களுக்குக் கொக்கி.

கொக்கியைக் கண்டுபிடித்த அன்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பையின் வாரை இதில் மாட்டிக்கொள்ளலாம், இழுத்தாலும் வராது என்று பெரிய விளக்கம் கொடுத்தேன்.

“இதத்தானே நான் காஞ்சில்லயே செஞ்சேன்” என்றார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. காஞ்சிலில் உட்கார்ந்ததும் அம்மா முதலில் பையைச் சீட்டுக்குக் கீழே தள்ளி, வாரை ஹேண்ட்பிரேக்கில் இரண்டு சுற்றுச் சுற்றுவார். அதற்கப்புறம்தான் சீட் பெல்ட். பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் நானும் தங்கச்சியும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இன்றைக்குப் பொறியியலாளனாகப் பார்த்தால் அது ஆபத்தான வேலை. ஹேண்ட்பிரேக் அதற்கானது இல்லை. அவசரத்தில் வார் சிக்கிக்கொள்ளலாம். ஆனால் யோசனை சரி. இழுக்கிற விசை கைக்குப் போகாமல் காடிக்குப் போக வேண்டும். தொழிற்சாலை செய்ததும் அதையேதான், கொஞ்சம் ஒழுங்காக.

கொக்கி திருடனைத் தடுக்காது. கண்ணாடி உடைவதையும் தடுக்காது. சில நொடி தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பை போனால் போகட்டும், பிடித்து இழுக்காதீர்கள் என்று அப்போது சொன்னார்கள். அது சரியான புத்திமதி. ஆனால் அம்மாவிடம் கேட்டால், “எப்படி விடறது? ஐசி அதுலதான் இருக்கு, பேங்க் கார்டு, வீட்டுச் சாவி, ஒங்க ஸ்கூல் காசு, எல்லாம் அதுலதான்” என்பார். விடவும் முடியாது, பிடித்துக்கொண்டிருந்தால் உயிருக்கு ஆபத்து. கைக்குப் பதிலாகக் கொக்கி பிடித்துக்கொள்ளட்டும் என்பது அந்த இக்கட்டுக்குக் கிடைத்த பதில். மலிவான பதில். ஆனால் அந்தப் பயத்தை உண்மை என்று ஒத்துக்கொண்ட பதில்.

எனக்கு இதில் ஓர் உறுத்தலும் உண்டு. சாலை பாதுகாப்பாக இருந்திருந்தால் இந்தக் கொக்கி தேவைப்பட்டிருக்காது. பொதுப் பிரச்சினை ஒன்று, வாங்குபவரின் இருக்கை ஓரத்தில் ஒரு வசதியாக வந்து உட்கார்ந்துவிட்டது. மாட்ட மறந்தால் குற்றம் அவள் தலையில் விழும்: “கொக்கி இருக்கே, மாட்டலையா?” ஒரு பாதுகாப்புச் சாமான் வந்ததும் அதைப் பயன்படுத்தாதவரைக் கேள்வி கேட்கும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட வசதிகளுக்கு வயதாகும். 2017இல் வந்த மைவியின் உயர் ரகங்களில் டோல் கட்டும் கருவியை உள்ளேயே பொருத்திக் கொடுத்தார்கள். அன்று அது பெரிய விஷயம். 2022இல் பிளஸ் நெடுஞ்சாலைக்கு ஆர்எஃப்ஐடி வந்துவிட்டது. காலப்போக்கில் அந்த மைவியைப் பார்ப்பவர்கள், இந்த இடத்தில் ஏன் ஒரு கார்டு செருகும் இடம் என்று கேட்கக்கூடும். இன்னொன்று சாகாது என்று நினைக்கிறேன்: பொட்டலம் மாட்டும் கொக்கி. ‘தே தாரேக் கொக்கி’ என்பார்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த தேநீர் சிந்தாமல் தொங்கும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் கோயில் பிரசாதமும் பூவும் தொங்கும்.

போன மாதம் பாசார் மாலாமுக்குப் போய்விட்டு வந்தோம். தங்கச்சி முன்னால் உட்கார்ந்தாள், அம்மா பின்னால். தே தாரேக் கொக்கியில் ஏற்கனவே இரண்டு பொட்டலம். தங்கச்சி கையில் மூன்றாவது, கரும்புச் சாறு. குனிந்து தேடி, சீட் ஓரத்துக் கொக்கியில் மாட்டினாள்.

“எதுக்குண்ணே இங்கயும் ஒண்ணு வச்சிருக்கான்?”

காஞ்சிலில் அம்மா வாரைச் சுற்றியதைப் பார்த்து என்னோடு சேர்ந்து சிரித்தவள்தான். அவளுக்கு மறந்துவிட்டது. மறக்க முடிந்ததே நல்லது என்று ஒரு கணம் தோன்றியது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அம்மாவின் பை மடியில் இருந்தது, வார் மணிக்கட்டில் இரண்டு சுற்று.

வண்டியை நகர்த்திக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன்.