பாஸ்வேர்ட் கேட்காத கணினி

போன தவணைப் புள்ளிகளைப் பதிந்துகொண்டிருந்த நேரம். "சேர், இந்தக் கம்பியூட்டர் போடும்போதெல்லாம் பாஸ்வேர்ட் கேக்குது, அத இல்லாமலாக்கித் தாங்களேன்" என்றார் சக ஆசிரியை ஒருவர். ரெண்டு நிமிஷத்தில் செய்து கொடுத்தேன். எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வாரம் கழித்து இடைவேளையில் போய்ப் பார்த்தால், தரம் 8 பிள்ளைகள் ரெண்டு பேர் அதில் கேம் விளையாடுகிறார்கள். பின்னால் புள்ளிப் பட்டியல் திறந்தபடி கிடக்கிறது. ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் எனக்குக் குலை நடுங்கிவிட்டது. அன்றிரவு இதன் வரலாற்றை உட்கார்ந்து வாசித்தேன்.

கணினிக்குப் பாஸ்வேர்ட் வந்தது 1960களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பாவித்தார்கள். ஒருவரின் கோப்பை மற்றவர் தொடாதிருக்க பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுத்தது. 1962இல் அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்குக் கிடைத்த கணினி நேரம் போதாமல், அந்தப் பாஸ்வேர்ட் கோப்பையே அச்சிட்டு எடுத்துவிட்டார்!

பூட்டு வந்ததும் அதைத் திறக்கும் சோம்பலும் வந்தது. 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸில் ஆர்லாகின் என்றொரு வசதி இருந்தது. நம்பிக்கையான கணினிகளின் பெயர்களை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்தால் போதும். அங்கிருந்து வருபவரிடம் பாஸ்வேர்ட் கேட்காது. பக்கத்து வீட்டாருக்குப் படலையைத் திறந்து வைப்பது மாதிரி.

ஆனால் பக்கத்து வீட்டுக்குள் கள்ளன் புகுந்துவிட்டால்?

1988 நவம்பர் 2ஆம் திகதி அதுதான் நடந்தது. ரொபர்ட் டப்பன் மொரிஸ் என்ற கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் விட்ட ஒரு நிரல், தானாகவே கணினிக்குக் கணினி பரவியது. மென்பொருள் ஓட்டைகள், இலகுவான பாஸ்வேர்ட்கள், இவற்றோடு இந்தத் திறந்த படலைகளும் அதற்கு வழி விட்டன. சுமார் 6000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அவருடைய வாப்பா மூத்த ரொபர்ட் மொரிஸ், 1979இல் கென் தொம்சனோடு சேர்ந்து பாஸ்வேர்ட் பாதுகாப்பைப் பற்றியே ஆய்வுக் கட்டுரை எழுதியவர்.

1995இல் பின்லாந்தின் டாடு யிலோனன், எஸ்.எஸ்.எச். என்ற முறையை உருவாக்கினார். இன்று சேர்வர்களில் பாஸ்வேர்ட் அடிக்காமல் நுழைய அதன் இரகசியச் சாவியைத்தான் பாவிக்கிறார்கள். பெயரைச் சொன்னால் போதாது, சாவி கையில் இருக்க வேண்டும். அந்தச் சாவிக்கும் தனிப் பூட்டுப் போடலாம்.

நம் வீட்டுக் கணினிக்கு வருவோம். விண்டோஸில் ரெஜிஸ்ட்ரிக்குள் பாஸ்வேர்டைக் கையால் எழுதி ஆட்டோ லாகின் வைத்தால், அது எழுத்துக்கெழுத்து வாசிக்கக்கூடியபடி அங்கேயே கிடக்கும். கதவைத் திறந்ததுமல்லாமல், திறப்பையும் அதிலேயே தொங்கவிட்ட கதை.

பூட்டிய அறையில், ஒருவர் மட்டும் பாவிக்கும், முக்கியமாக எதுவும் இல்லாத கணினியென்றால் ஆட்டோ லாகின் வையுங்கள், பரவாயில்லை. பிள்ளைகளின் புள்ளிகளும் பெற்றோரின் விபரங்களும் உள்ள கணினியில் வேண்டாம். அவை நம்மிடம் தரப்பட்ட அமானிதம்.

மறுநாளே அந்தக் கணினிக்குப் பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டுவிட்டேன். டீச்சர் இன்னும் கொஞ்சம் கோபம்தான்!