தொமினிக்கன்

தொமினிக்கன் கன்னியர் தம் பெயருக்குப் பின் ‘ஓ.பி.’ என்று போடுவார்கள். மருத்துவமனை ஓ.பி. அல்ல, ‘போதகர் சபை’ என்பதன் லத்தீன் சுருக்கம். ‘தொமினிக்கன்’ என்பதை ‘தோமினி கானேஸ்’, அதாவது ஆண்டவரின் நாய்கள், என்று பிரித்துப் பொருள் சொல்வது சுவையான கதைதான். இலக்கணம் இடம் தராது. பிரான்சிஸ்குஸ் பிரான்சிஸ்கானுஸ் ஆனதுபோல, நம் கத்தோலிக்கர் சாமிநாதர் என்றழைக்கும், சபையை நிறுவிய புனித தொமினிக்கின் லத்தீன் பெயரான தொமினிகுஸோடு விகுதி சேர்ந்து பிறந்ததே இச்சொல். ஃபுளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா நொவெல்லா மடத்துச் சுவரோவியத்தில் கருப்பு வெள்ளை நாய்கள் ஓநாய்களை விரட்டுகின்றனவே என்பார்கள். அது 14ஆம் நூற்றாண்டு ஓவியம். சிலேடை பரவியதற்குத்தான் சான்று, சொல்லின் பிறப்புக்கு அல்ல. பிரசங்க மேடை ஏறாத பெண்களுக்குப் போதகர் பட்டம் எதற்கு என்றும் கேட்கலாம். ஆனால் முதலில் வந்தவர்களே பெண்கள்தான்: 1216இல் சபை திருத்தந்தையின் அங்கீகாரம் பெறுவதற்குப் பத்தாண்டு முன்பே, பிரான்சின் புரூயில் ஊரில் பெண்களுக்கென மடம் நிறுவிவிட்டார் தொமினிக்.