விதவையும் வெப்ஸ்டரும்

முதுகலையில் ஆங்கில இலக்கியம் படித்த காலத்தில் எனக்கு இரண்டு பித்துகள் இருந்தன. பகலில் ஜான் வெப்ஸ்டர். இரவில், 2017ல் தமிழில் தொடங்கியிருந்த பிக் பாஸ். இவற்றில் ஒன்றுதான் என் உண்மையான ரசனை, மற்றது வெறும் பாவனை என்று நண்பர்கள் தீர்மானமாகச் சொன்னார்கள். எது பாவனை என்பதில்தான் அவர்களுக்குள் அபிப்பிராய பேதம்.

என் தரப்புக்கு நான் வைத்திருந்த வாதம் சுலபமானது. எலிசபெத் காலத்து நாடகக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே கரடியை நாய்கள் கடிக்கும் கொட்டகையும் இருந்தது. 1614ல் கட்டிய ‘ஹோப்’ அரங்கில் மேடையே கழற்றி எடுக்கக் கூடியது. ஒருநாள் நாடகம், ஒருநாள் கரடி. பென் ஜான்சனின் ‘பார்த்தலோமியூ ஃபேர்’ அங்கேதான் அரங்கேறியது. அந்த இடத்தின் நாற்றத்தை அவர் முன்னுரைக் காட்சியிலேயே கேலி செய்திருக்கிறார். ஆகவே உயர்ந்தது தாழ்ந்தது என்ற பிரிவெல்லாம் பின்னால் வந்த பேராசிரியர்களின் வேலை, என்பேன். இப்போது யோசித்தால் இது சோம்பேறித்தனமான வாதம். பக்கத்தில் கரடி இருந்தது என்பது நாடகத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

சொல்லக்கூடியது வேறொன்று, வெப்ஸ்டரிடமே இருப்பது.

‘டச்சஸ் ஆஃப் மால்ஃபி’யின் நாயகி ஒரு விதவை. தன் காரியஸ்தனைத் தானே விரும்பி ரகசியமாக மணக்கிறாள். வீட்டுக்குள் சகோதரன் வைத்த ஒற்றன் அவளைக் கண்காணிக்கிறான். பிறகு அடைத்து வைக்கிறார்கள். கணவனும் குழந்தைகளும் செத்துக் கிடப்பதாக மெழுகுப் பொம்மைகளைக் காட்டுகிறார்கள். பைத்தியங்களை ஏவி ஆடவிடுகிறார்கள். அவள் உடைவதைப் பார்க்க வேண்டும், அதற்காகவே ஒவ்வொரு ‘டாஸ்க்’கும். அவள் உடைவதில்லை. அந்த நான்காம் அங்கத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் நான் சாப்பிடப் போகவில்லை.

நாடகம் அச்சானது 1623ல். அடுத்த வருஷம், 1624ல், அதே வெப்ஸ்டர் டெக்கர், ரௌலி, ஃபோர்ட் ஆகியோருடன் சேர்ந்து அவசர அவசரமாக இன்னொரு நாடகம் எழுதுகிறார். அதிலும் ஒரு விதவை. ஆனால் இவள் லண்டனில் உயிரோடு இருந்தவள். ஆன் எல்ஸ்டன், வயது 62, வசதியுள்ளவள். டோபியாஸ் ஆட்லி என்ற இளம் புகையிலை வியாபாரி கூட்டாளிகளோடு சேர்ந்து அவளை நாள்கணக்கில் போதையிலேயே வைத்திருந்து தாலி கட்டாத குறையாகக் கல்யாணத்தை முடித்துக்கொண்டான். அவள் சொத்தும் கைமாறியது. சில வாரங்களில் ‘ரெட் புல்’ அரங்கில் இது ஹாஸ்யமாக மேடையேறிவிட்டது. வொயிட்சேப்பலில் தாயைக் கொன்ற ஒரு இளைஞனின் கதையையும் கூடவே பின்னியிருந்தார்கள். ‘விதவையைத் தூங்கவிடாதே’ என்ற தொனியில் ஒரு பெயர். அதே கேலியோடு ஒரு பாட்டும் ஊரில் பாடப்பட்டது. நாடகத்துக்கு விளம்பரமாகவும் அது பயன்பட்டது.

கற்பனை விதவைக்கு (அவளுக்கும் நூறு வருஷம் முன் வாழ்ந்த ஒரு இத்தாலியப் பெண் மூலம்தான்) அத்தனை கம்பீரம் கொடுத்த கை, பக்கத்துத் தெரு விதவையின் அவமானத்துக்குச் சிரிப்பு எழுதியிருக்கிறது. காசுக்காக என்று சொல்லிவிடலாம். டச்சஸும் காசுக்காக எழுதியதுதான்.

எல்ஸ்டனின் மருமகன் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்துக்குப் போனான். டெக்கர் அங்கே சாட்சியம் சொல்லியிருக்கிறார்: முதல் அங்கத்தில் இரண்டு தாள், கடைசி அங்கத்தில் தாயைக் கொன்றவன் பேசும் ஒரு பேச்சு, இவ்வளவே தன் பங்கு என்று. ஒரு கலைஞன் தன் சிருஷ்டியைத் தாள் கணக்கில் சொல்லிக் கேட்பது சங்கடமாக இருக்கிறது.

1973ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ‘ஆன் அமெரிக்கன் ஃபேமிலி’ வந்தபோது, நாடகமும் நாவலும் தோன்றியதற்கு நிகரான நிகழ்ச்சி இது என்று மானிடவியலாளர் மார்கரெட் மீட் எழுதினார். சாந்தா பார்பராவின் லௌட் குடும்பத்தை ஏழு மாதம் படமெடுத்து, சுமார் 300 மணி நேரப் படத்தைப் பன்னிரண்டு பகுதிகளாக வெட்டியிருந்தார்கள். மனைவி பாட் கணவனிடம் விவாகரத்துக் கேட்பதை ஊரே பார்த்தது. தங்களை வெட்டித் தொகுத்த விதம் நியாயமில்லை என்று அந்தக் குடும்பம் சொன்னது. பாட் 1974ல் தன் தரப்பைப் புத்தகமாகவே எழுதினாள். மீட் நினைத்த அளவுக்கு இது புதிதல்ல. ரெட் புல்லுக்கு இது தெரிந்த சங்கதி. பாட்டுக்காவது ஒரு புத்தகம் வாய்த்தது.

விடுதியில் ஒருநாள் ராத்திரி திரையில் ஒரு பெண் குளியலறை வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் மூக்கைச் சிந்தியதைப் பார்த்து யாரோ ஏதோ சொல்ல, கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் காலை டச்சஸ் பற்றி வகுப்பில் கட்டுரை வாசித்தேன். நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

ரெட் புல் நாடகத்தின் பிரதி கிடைக்கவில்லை. வெப்ஸ்டர் எழுதிய பகுதி எது, அதில் அந்தக் கிழவி என்ன பேசினாள் என்பதற்கு வழியில்லை. 1936ல் சி. ஜே. சிஸ்ஸன் இந்த வழக்கைத் தன் புத்தகத்தில் விரிவாக எழுதினார். நாடகத்தைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அந்த வழக்குத் தாள்களிலிருந்து வருவதுதான். பாட்டு தப்பியிருப்பதும் அவற்றில்தான்.