கடல் கடந்து வந்த சாம்பல்

கோல சிலாங்கூர்க் கரையில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு மலாக்கா நீரிணையன்றி வேறொன்றும் தோன்றாது. அதற்கப்பால், சுமார் 280 கிலோமீட்டர் தொலைவில், சுமத்திராவின் தோபா ஏரி உள்ளது. 100 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வேரி உண்மையில் ஓர் எரிமலையின் வாயேயாகும்.

சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அவ்வெரிமலை வெடித்தது. கடந்த இருபது லட்சம் ஆண்டுகளில் அதனினும் பெரிய வெடிப்பு நிகழ்ந்ததில்லை என்பர் பூதத்துவ சாஸ்திரிகள். உருகிய பாறையில் அடைபட்டிருந்த வாயுக்கள் திடீரென விடுபட, அப்பாறை நுரைத்துச் சிதறிக் கண்ணாடித் துகளாயிற்று. எரிமலைச் சாம்பல் என்பது அத்துகளே, விறகுச் சாம்பலன்று. காற்றில் வந்த அத்துகள் சிலாங்கூரின் அம்பாங்கிலும் பேராக்கின் லெங்கோங்கிலும் மண்ணடியில் படிந்துள்ளது. நம் இந்தியாவையும் அது மூடிற்று.

இவ்வெடிப்பால் மனித குலமே அழிவின் விளிம்பையடைந்தது என்று சிலர் எழுதினர். ஆயினும் ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில் அச்சாம்பலுக்குக் கீழும் மேலும் ஒத்த கற்கருவிகள் கிடைத்தமையை 2007-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். சாம்பல் பொழிந்த நாட்டிலும் மனிதன் தன் தொழிலைத் தொடர்ந்தான் என்பதற்கு அவை சான்று.

எரிமலையைத் தெய்வத்தின் சினமென்று அஞ்சுவோர் எந்நாட்டிலும் உளர். அச்சம் ஒன்றையும் விளக்காது, மண்ணோ விளக்குகிறது. கரையோரத் தோட்டங்களின் களிமண் பிற்காலத்துப் படிவு. ஆனால் வட சிலாங்கூரின் உட்பகுதித் தோட்டங்களில் வாய்க்கால் வெட்டுகையில் வெண்பொடி மண் தென்பட்டால், நம்மவர் அதைக் கொட்டிவிடாது பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவாராக. அது வெறும் களிமண்ணாயிருக்கலாம், தோபாவின் சாம்பலாகவுமிருக்கலாம். எதுவென்று ஆராயப் பிள்ளைகள் பழகுவதே நாம் வேண்டுவது.