சாலும் தோல் வாலும்

புதுக்கோட்டைச் சீமையின் தண்ணீர் வரலாற்றை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் கண்மாயில் தொடங்கிக் கண்மாயிலேயே முடித்துவிடுகிறார்கள். அதற்கு நியாயமும் உண்டு. மாவட்டம் முழுக்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள். பலவற்றில் தண்ணீர் திறந்துவிடும் குமிழித் தூண்கள் இன்றும் நிற்கின்றன. குமிழி வைத்துக் கொடுத்தவரின் பெயர் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் கண்மாய் வற்றிய மாதங்களில் இந்தச் செம்மண் பூமியைக் காப்பாற்றியது கிணறு. கிணற்றுத் தண்ணீரை வயலுக்கு ஏற்றியது கமலை. அந்தக் கமலையில் ஓயாமல் தேய்ந்து, கிழிந்து, ஒழுகியது ஓர் இணைப்பு. அதைத் தைத்துக் கொடுத்தவர்களின் பெயர் கல்லில் ஏறவில்லை.

கமலை ஓடிப் பார்த்தவர்கள் இன்று ஊருக்குச் சில பெரியவர்கள்தான் இருப்பார்கள். தண்ணீர் மொள்ளும் சால் இரும்புத் தகட்டால் ஆனது. நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதன் அடிப்பாகம் மூடியிருக்காது. அடிவாயிலிருந்து நீண்ட தோல் குழாய் ஒன்று தொங்கும். அதுதான் வால். சாலை இழுக்க வடக்கயிறு, வாலின் நுனியை இழுக்க வால்கயிறு. மாடுகள் வாரி என்கிற சரிவில் இறங்கும்போது இரண்டு கயிறும் சேர்ந்தே இழுபடும். வால் மடங்கி, நுனி மேல்நோக்கி நிற்க, சால் தண்ணீர் சிந்தாமல் ஏறி வரும். கிணற்று விளிம்புக்கு வந்ததும் வால்கயிறு தாழ்ந்த உருளை வழியாக வாலைத் தொட்டிப் பக்கம் இழுக்கும். சால் மட்டும் மேல் உருளையை நோக்கி ஏறும். வால் நீளும், தண்ணீர் தானாகவே தொட்டியில் கொட்டும். சாய்த்து ஊற்ற ஓர் ஆள் தேவையில்லை. மாட்டை ஓட்டுகிற ஒருவரே இறைப்பு முழுவதையும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு கயிற்றின் நீள வித்தியாசத்தில் இவ்வளவு வேலையை முடித்த அந்த அறிவு வியக்கத்தக்கது.

ஒவ்வோர் இறைப்புக்கும் வால் ஒருமுறை மடங்கி ஒருமுறை நீளும். ஒரு காலைப் பொழுதுக்குள் அது நூறைத் தாண்டிவிடும். இதனால் தோல் இரண்டு இடத்தில் நையும். ஒன்று, உருளையில் உரசுகிற நுனி. மற்றொன்று, சாலின் இரும்புக் கழுத்தில் தோலை ஏற்றி வாரால் இறுக்கிக் கட்டிய இடம். இரும்பு அசையாது, தோல் அசையும். சண்டை நடப்பது அந்த எல்லையில்தான். கழுத்துக்கட்டு தளர்ந்தால் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். மாடு இழுத்த இழுப்பெல்லாம் வீண்.

பழுது பார்க்கிற முறை எளிமையானது, ஆனால் கை பழகியிருக்க வேண்டும். நைந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல தோலைக் கழுத்தில் ஏற்றி, மறுபடி வார் போட்டு இறுக்க வேண்டும். வால் கொஞ்சம் குட்டையாகிவிடும். அதற்கேற்ப வால்கயிற்றையும் சரிசெய்தாக வேண்டும். நடுவில் கிழிந்தால் ஒட்டு வைத்துத் தோல் வாராலேயே தையல். நூலைவிட வார் நல்லது. தண்ணீரில் ஊறி உப்பி, ஊசி போட்ட துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். இறைப்பு நின்ற மாதங்களில் காய்ந்து வெடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி, நாய்க்கும் எலிக்கும் எட்டாத உயரத்தில் மாட்டிவைப்பார்கள்.

இதைச் செய்தவர்கள் அருந்ததியர் உள்ளிட்ட தோல் தொழிலாளர்கள். கூலி, அறுப்பு முடிந்ததும் களத்தில் அளந்துபோடும் நெல். தண்ணீரை மேலே கொண்டுவந்தது அவர்கள் தைத்த தோல். ஆனால் ஊர்ப் பொதுக் கிணற்றில் தோண்டி இறக்க அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. தமிழ்நாட்டு நீர்ப்பாசனத்தின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமில் 1670களில் யான் வான் டெர் ஹைடன் என்ற ஓவியர் தீயணைப்பு எந்திரத்துக்குத் தோல் குழாய் பொருத்தியபோது அவருக்கும் கமலைக் கழுத்தின் இதே சிக்கல்தான். துண்டு துண்டான குழாய்களைப் பித்தளை இணைப்புகளால் கோத்தார். தோலும் உலோகமும் சந்திக்கிற இடத்தைக் கசியாமல் வைப்பதுதான் அங்கேயும் பெரும்பாடு.

சென்னை மாகாணத்தில் கமலைத் தோலைப் பற்றி அக்கறையோடு யோசித்த அதிகாரி ஆல்ஃபிரட் சாட்டர்டன். பொறியியல் பேராசிரியராக இருந்தவர். அன்று இங்கே தோல் பதனிட ஆவாரம்பட்டையே வழக்கம். புதுக்கோட்டைப் பொட்டல்களில் ஆவாரஞ்செடிக்குப் பஞ்சமில்லை. அப்படிப் பதனிட்ட தோல் பெருமளவில் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானதால் உள்ளூரில் விலை ஏறியது. கமலைக்குத் தோல் வாங்குவதே விவசாயிக்குச் சுமையானது. குரோம் உப்பால் பதனிட்ட, தண்ணீரில் நீண்ட நாள் தாங்குகிற தோலைச் சாட்டர்டன் 1903 வாக்கில் சென்னையில் தயாரிக்கத் தொடங்கினார். அவர் மனத்தில் இருந்த முக்கியமான பயன்களில் ஒன்று கமலைத் தோல். அரசாங்கமே தொழில் நடத்தக் கூடாது என்று 1910இல் லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மார்லி முட்டுக்கட்டை போட்டார். மாகாணத்தில் ஆயில் என்ஜின் இறைப்பைப் பரப்பியதிலும் சாட்டர்டனுக்குப் பங்குண்டு. கமலைத் தோலைக் காப்பாற்ற நினைத்தவரே கமலை ஒழிய வழியும் செய்தார்.

1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் என்ஜினும் மின்மோட்டாரும் கிணற்றுமேட்டுக்கு வந்துவிட்டன. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. வடகாடு, கீரமங்கலம் பக்கம் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின.

பம்புசெட் வந்ததும் ஒழுகலின் குணமே மாறிவிட்டது. கமலை வால் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். பம்பின் உறிஞ்சு குழாயில் இணைப்பு தளர்ந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. உள்ளே காற்று போகும், பம்பு தண்ணீரைக் கைவிட்டுவிடும். 'காத்து வாங்குது' என்பார்கள். பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் கீறி, இழுத்து இழுத்து இணைப்பின் மேல் சுற்றுவது ஒரு வைத்தியம். சாணியைக் கரைத்துப் பம்பில் ஊற்றுவது இன்னொன்று; ஃபுட் வால்விலும் மூட்டுகளிலும் உள்ள சிறு சந்துகளைச் சாணி நார் அடைத்துக்கொள்ளும். தோலும் உடனே போய்விடவில்லை. 1970களில் உருவாகி ஊரெங்கும் நின்ற இந்தியா மார்க் 2 அடிபம்பின் சிலிண்டருக்குள் நெடுங்காலம் வேலை செய்தது தோல் வாஷர்தான். நைட்ரைல் ரப்பர் பின்னால் வந்தது.

இப்போது வண்டி கழுவ, வாசல் கழுவ வீடுகளில், தண்ணீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் பிரஷர் வாஷர் வாங்குகிறார்கள். ஜெர்மனியின் கெர்ஷர் நிறுவனம் 1950இல் சுடுநீர் வாஷரை உருவாக்கியது. அதன் வீட்டுக் குட்டிகள் இன்று நம் வாசலில். பழுது வருவது அதே இடத்தில், அதாவது ஹோஸ் மாட்டுகிற மூட்டில். தண்ணீர் உள்ளே போகிற பக்கம் பழைய கைமருந்துகள் பலிக்கும். ஹோஸின் நைந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி ஏற்றி, கிளிப் போட்டு இறுக்கலாம். 1921இல் லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கண்டுபிடித்த அந்தத் திருகுக் கிளிப், கமலைக் கழுத்தில் போட்ட வாரின் வேலையைத்தான் செய்கிறது. காற்று வாங்கினால் எந்திரம் திக்கித் திக்கிப் பீய்ச்சும். கனெக்டருக்குள் இருக்கிற ஓ ரிங்கை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெளியே பீய்ச்சுகிற பக்கம் கதை வேறு. மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் ஒரு பார் அழுத்தத்தைக்கூட எட்டுவது அரிது. வாஷர் குழாய்க்குள் நூறு பாருக்கு மேல். அங்கே டியூப் சுற்றக் கூடாது, கிளிப் போடக் கூடாது. ஓ ரிங் தேய்ந்தால் அதே அளவில் புதிதாகப் போட வேண்டும். குழாயே வெடித்திருந்தால் முனை அழுத்திப் பொருத்திய புதுக் குழாய்தான் வழி. ஒழுகுகிற இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிற பம்புசெட்டுப் பழக்கம் இங்கே ஆபத்து. அந்த நூலளவுத் தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். முதலில் சுவிட்சை அணைத்து, பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்தி, மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே மூட்டில் கை வைக்க வேண்டும்.