ஓய்மாநாட்டு வில்வேட்டமும் மரமிசைப் பரணும்

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே இருப்புப்பாதையின்மேல் அமைந்த முண்டியம்பாக்கத்தை இப்பக்கத்தில் அறியாதார் இலர். சர்க்கரை ஆலையும் அரசினர் மருத்துவக் கல்லூரியும் அவ்வூர்ப் பெயரை நெடுந்தூரம் பரப்பியுள்ளன. ஆண்டு நின்று நோக்குவார் கண்ணுக்குக் கரும்பும் நெல்லும் மணிலாவுமே தென்படுமாதலின், இந்நிலம் ஒருகாலத்தில் வில்லேந்தியோர் வாழ்ந்த நிலம் எனக் கூறின் நகைப்பாரும் உளர். வேட்டுவர் வழியினர் எனப்படுதலை இழிவெனக் கருதிப் பழமையை மறைப்பாரும் நம்மிடையே உளர். இவ்விரு சாராரும் பழைய நூல்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம்.

திண்டிவனத்தைச் சூழ்ந்த நாடு பண்டு ஓய்மாநாடு எனப் பெயர்பெற்றது. அதன் தலைவன் நல்லியக்கோடன். அவனை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையிற் பாடினார். அவன் ஊர்களுள் ஒன்றாகிய கிடங்கில் இன்றும் திண்டிவனத்திலே கிடங்கல் என வழங்குகின்றது. மற்றோர் ஊராகிய வேலூரில் எயினர் மகளிர் புளியிட்டுச் சமைத்த சோற்றையும் ஆமானிறைச்சியையும் பாணர்க்கு அளிப்பர் என அந்நூல் கூறும். அம்பு எய்தலால் எயினர் எனப் பெயர்பெற்றனர் என்பர். பசித்து வந்தானுக்கு முதலிற் சோறிட்டவர் இவர். இதில் நாணத்தக்கது யாதென்று எமக்கு விளங்கவில்லை.

காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை வேட்டமுறையை இன்னும் விரிவாகக் காட்டும். மான் அடிச்சுவடு பதிந்த நிலத்தில், நீருண்ண விலங்குகள் வரும் இடத்தருகே குழியில் ஒளித்திருந்து, நள்ளிரவில் பன்றியின் வரவை எதிர்நோக்கியிருப்பர் எயினர். துரத்திக் கொல்லுதலன்று, காத்திருந்து கொல்லுதலே அவர்தம் தொழிலின் உயிர்நிலை என்பது இதனால் அறியப்படும்.

குழியினின்று மரத்திற்கு ஏறுதல் சிறிது தூரமே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனத்து மரத்தின்மேற் கட்டிய இதணத்தைக் கூறுவர். இதணமெனினும் பரணெனினும் ஒக்கும். அது பயிர் காத்தற்கு அமைந்ததெனினும், புலி அஞ்சும்படி உயரத்தில் அமைந்தது என்பதை நோக்குக. (அக்கபிலர் உயிர்நீத்த செய்தியைத் திருக்கோவலூர்க் கோயிற் கல்வெட்டொன்று கூறுகின்றது, ஆதலின் அவரும் நம் பக்கத்தவரே போல்வர்.)

பரணின் பயன் யாது? மானுக்குக் கண்ணினும் மூக்குக் கூரியது. காற்று மனிதனிடமிருந்து வீசின் அது வாராது. பகை பெரும்பாலும் நிலத்தின்வழியே வருதலின், மேலே அண்ணாந்து நோக்கும் வழக்கம் அதற்குக் குறைவு. உயரத்திலிருப்பானுடைய நாற்றமும் ஓரளவு அதன் தலைக்குமேல் சென்றொழியும். வில்லோ இருபது முப்பது கசத்திற்கு அப்பால் நம்பத்தக்கதன்று. துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாற் கொல்லும். அம்பு குருதி வடியச் செய்து கொல்லும். ஆதலின் முன்காற்சந்தின் பின்னே நுரையீரலைக் குறிவைத்து எய்து, பின்னும் அரைமணி நேரம் பரணிலேயே அசையாதிருந்து, அதன்பின் இறங்கிக் குருதிச் சுவட்டைத் தொடர்தல் வேண்டும். பதறி உடனே ஓடுவோன் மானை இழப்பான். அம்மானும் புதரிற் கிடந்து வீணே மடியும். வல்வில் ஓரி விடுத்த ஓரம்பு யானை முதல் உடும்பு ஈறாக ஐந்து உயிர்களை ஊடுருவியது எனப் புறநானூறு கூறுவது புலவர் புனைந்துரை என்றே யாம் கொள்கின்றோம். மெய்யான வேட்டுவனுக்கு ஓர் அம்புக்கு ஒரு விலங்கு கிடைப்பதே அரிது.

இக்கலை பின்னர் அடைந்த கதியே சிந்திக்கத்தக்கது. வட அமெரிக்காவில் வெள்வால் மான் என ஒன்றுண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஏறக்குறைய ஐந்து இலட்சமாகக் குறைந்தது. வேட்டைப் பருவத்தையும் எண்ணிக்கையையும் சட்டத்தால் வரையறுத்துக் காத்தமையால் இன்று ஏறக்குறைய மூன்று கோடியாகப் பெருகியுள்ளது. 1934-இல் விஸ்கான்சின் மாகாணம் வில்லாளர்க்கெனத் தனிப்பருவம் வகுத்தது. இன்று ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் உரிமச்சீட்டுப் பெற்று மரப்பரணில் வில்லுடன் அமர்கின்றனர்.

நம் நாட்டிலோ வேறு வகையாக முடிந்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டைச் சர்க்காருடைமையாக்கியது. துப்பாக்கி ஏந்திய துரைமாரும் ஜமீன்தார்களும் விளையாட்டாக வேட்டையாடினர். வயிற்றுக்காக வேட்டையாடியவன் குற்றவாளியானான். விலங்கினம் அருகிய பின்னர் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை எல்லார்க்கும் தடுத்தது. மான் எஞ்சியிருத்தற்கு அச்சட்டம் வேண்டியதே என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் காட்டை வெறுமையாக்கினவர் ஒருவர். அதன்பொருட்டுத் தொழிலிழந்தவர் வேறொருவர். திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து இருளர்களுட் பலர் அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் முன்பணத்திற்குக் கட்டுண்டு உழைத்தனர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்த பின்னரும் அவ்வழக்கம் எளிதில் ஒழிந்திலது.

ஒரு மாற்று வழியும் பிறந்தது. 1978-இல் செங்கற்பட்டுப் பக்கத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. சுவடு கண்டு விலங்கின் போக்கறியும் அப்பழைய கண்ணே ஈண்டுப் பயன்பட்டது. அவர்கள் பிடிக்கும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை என்னும் நால்வகைப் பாம்புகளின் நஞ்சு எடுக்கப்பட்டு, பாம்புகள் மீளவும் காட்டில் விடப்படும். அந்நஞ்சினின்றே பாம்புக்கடிக்கு மாற்றுமருந்து செய்யப்படுகின்றது. அறுவடைக் காலத்தில் கடியுண்டு மருத்துவமனைக்குத் தூக்கிவரப்படும் உழவனுக்கு ஏற்றப்படுவது அம்மருந்தே.